எதை முதலில் சோதிப்பது? மூலக்கூறு ஆய்வில் இயந்திரக் கற்றலைத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

2020 பிப்ரவரியில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒரு கட்டுரை, ஹாலிசின் என்ற பெயரை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. கணினி கண்டுபிடித்த ஆன்டிபயாடிக் என்று செய்திகள் எழுதின. அந்தத் தலைப்புச் செய்தியைவிட எனக்கு முக்கியமாகப் படுவது கட்டுரைக்குள் இருக்கும் ஒரு சிறிய கணக்கு. பாக்டீரியாவின் வளர்ச்சியைத் தடுக்கக்கூடும் என்று மாடல், அதாவது பழைய அளவீடுகளிலிருந்து கற்றுக்கொண்டு கணிக்கும் நிரல், வரிசையின் உச்சியில் வைத்த 99 சேர்மங்களை ஆய்வகத்தில் சோதித்தார்கள். 51 உண்மையிலேயே தடுத்தன. வரிசையின் அடியில் கிடந்த 63 சேர்மங்களையும் விடாமல் சோதித்தார்கள். அவற்றில் தடுத்தவை 2.

மாடல் பாதிக்குப் பாதி தவறியிருக்கிறது. ஆனால் அந்த மாடலுக்குப் பயிற்சி கொடுக்க முதலில் சோதித்த 2,335 சேர்மங்களில் பலன் தந்தவை 120தான், அதாவது நூற்றுக்கு ஐந்து. நூற்றுக்கு ஐந்து என்பது நூற்றுக்கு ஐம்பதாக மாறினால் ஓர் ஆய்வகத்தின் பணம், நேரம், ஆள்பலம் எல்லாமே வேறு கணக்குக்குப் போய்விடும். இயற்கை அறிவியலில் இயந்திரக் கற்றல் செய்யும் வேலை பெரும்பாலும் இதுதான்: எதை முதலில் சோதிப்பது என்று வரிசை போட்டுக் கொடுப்பது. உண்மையா இல்லையா என்று தீர்ப்புச் சொல்வது இன்னும் சோதனைக் குழாய்தான். இந்த வேறுபாட்டை மனதில் பதித்துக்கொண்டால் கீழே வரும் படிகள் எல்லாம் தானாகப் புரியும்.

வேதியியல், உயிரியல், மருந்தியல் படிக்கும் மாணவர்களுக்காகவும், கணினி தெரிந்து அறிவியல் பக்கம் வர நினைப்பவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். தேவையானவை ஓர் இணைய இணைப்பு, கொஞ்சம் பைத்தான் நிரல்மொழி, பத்தாம் வகுப்புப் புள்ளியியலைவிடச் சற்றுக் கூடுதலான பழக்கம். விலையுயர்ந்த கணினி வேண்டாம். இணைய உலாவியிலேயே பைத்தான் ஓட்ட உதவும் கூகுள் கோலாபில் இலவசமாகக் கிடைக்கும் வசதியே முதல் சில மாதங்களுக்குத் தாராளம்.

படி 1: கேள்வியை ஒற்றை வரியில் எழுதுங்கள்

புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் எந்த மாடல் நல்லது என்ற இடத்திலிருந்து தொடங்குகிறார்கள். அது கடைசியில் வர வேண்டிய கேள்வி. முதலில் மூன்று விஷயங்களைத் தெளிவாக்குங்கள். எதை உள்ளே கொடுக்கப் போகிறீர்கள்? எந்த அளவை வெளியே எதிர்பார்க்கிறீர்கள்? அந்த விடை கையில் கிடைத்தால் அடுத்து என்ன செய்வீர்கள்?

மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லையென்றால் அந்தத் திட்டத்தைத் தொடங்காதீர்கள். புற்றுநோய்க்கு மருந்து தேடுகிறேன் என்பது ஆசை. ஈ.கோலை பாக்டீரியாவின் வளர்ச்சியை இந்தச் செறிவில் 80 சதவீதம் குறைக்கும் சேர்மங்களை, நாங்கள் வாங்கக்கூடிய 6,000 சேர்மங்களிலிருந்து வரிசைப்படுத்தி, முதல் நூறைச் சோதிக்கப் போகிறோம் என்பது கேள்வி. ஹாலிசின் குழு வைத்திருந்த கேள்வி ஏறத்தாழ இப்படித்தான் இருந்தது.

உங்கள் துறை வேறாக இருந்தாலும் இந்த அச்சு பொருந்தும். விண்மீனின் ஒளியில் வரும் சிறு மங்கலைப் பார்த்து அது கோளா, வேறு காரணமா என்று பிரிக்கக் கேட்டார்கள் கிறிஸ்டோபர் ஷாலூவும் ஆண்ட்ரூ வாண்டர்பர்கும். ஏற்கெனவே மனிதர்கள் வகைப்படுத்தி வைத்திருந்த சுமார் 15,000 கெப்ளர் விண்வெளித் தொலைநோக்கிச் சமிக்ஞைகளில் மாடலைப் பழக்கி, 2017 டிசம்பரில் கெப்ளர்-90 விண்மீனைச் சுற்றும் எட்டாவது கோளை அறிவித்தார்கள். புரத வடிவங்களைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்டுக்காக டெமிஸ் ஹசாபிஸ், ஜான் ஜம்பர் இருவரும் 2024-இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். அதற்கு அடித்தளமாக இருந்தது 1971 முதல் உலக ஆய்வாளர்கள் சேர்த்துவைத்த புரதத் தரவு வங்கி. இரண்டிலுமே கேள்வி கூர்மையாக இருந்தது, நம்பகமான விடைகள் முன்பே குவிந்திருந்தன. இந்த இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் மாடல் உதவாது.

இந்த வழிகாட்டி முழுக்க மூலக்கூறுகளோடு போகிறேன். தரவு திறந்து கிடக்கிறது, கருவிகள் இலவசம், தவறுகள் சீக்கிரம் கண்ணில் படும்.

படி 2: சிறிய தரவோடு கையைப் பழக்குங்கள்

முதல் பயிற்சிக்கு நான் சிபாரிசு செய்வது நீரில் கரைதிறன் குறித்த ஈசோல் தரவுத் தொகுப்பு. சின்ஜென்டா நிறுவனத்தில் இருந்த ஜான் டெலேனி 2004-இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்தது. இன்று பலரும் பயன்படுத்தும் வடிவில், மாலிக்யூல்நெட் என்ற தொகுப்பின் பகுதியாக, 1,128 சேர்மங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு வரியிலும் ஒரு மூலக்கூறும், அது நீரில் எவ்வளவு கரைகிறது என்ற அளவும் இருக்கும். அளவு, லிட்டருக்கு இத்தனை மோல் என்பதன் லாக் மதிப்பு. சுமார் -11.6 முதல் +1.6 வரை பரவியிருக்கிறது. ஓர் அலகு வித்தியாசம் என்றால் பத்து மடங்கு என்பதை மறக்க வேண்டாம்.

ஏன் கரைதிறன்? வேதியியல் தெரிந்த எவருக்கும் இதில் உள்ளுணர்வு உண்டு. நீண்ட கார்பன் சங்கிலி கரையாது, ஹைட்ராக்சில் தொகுதி கூடினால் கரையும். மாடல் தப்பாகப் போனால் உங்களுக்கே தெரியும். மருந்து ஆராய்ச்சியில் இந்த அளவு உண்மையிலேயே தேவைப்படுவதும்கூட.

கோலாபில் ஒரு புதிய ஏட்டைத் திறந்து பாண்டாஸ் (அட்டவணைத் தரவுக்கு), சைகிட்-லேர்ன் (மாடல்களுக்கு), ஆர்டிகிட் மூன்றையும் நிறுவிக்கொள்ளுங்கள். ஆர்டிகிட் என்பது மூலக்கூறுகளைக் கணினியில் கையாள்வதற்கான நிரல் தொகுப்பு. 2006 முதல் திறந்த மூலமாகக் கிடைக்கிறது. இந்தத் துறையில் அது இல்லாமல் ஒருநாள் ஓட்ட முடியாது.

தரவில் மூலக்கூறுகள் ஸ்மைல்ஸ் என்ற எழுத்து வடிவில் இருக்கும். இரண்டு கார்பன், ஓர் ஆக்சிஜன் எழுத்துகளை அடுத்தடுத்து எழுதினால் எத்தனால். வளையங்களுக்கு எண்கள், கிளைகளுக்கு அடைப்புக்குறிகள். ஒரு மணி நேரம் உட்கார்ந்து உங்களுக்குத் தெரிந்த பத்து மூலக்கூறுகளை, ஆஸ்பிரின், காஃபீன், வனிலின் என்று, கையாலேயே எழுதி ஆர்டிகிட்டில் படமாக வரைந்து பாருங்கள். இந்த ஒரு மணி நேரத்தைத் தவிர்க்காதீர்கள்.

படி 3: தரவை உற்றுப் பாருங்கள்

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் போகும், போகவும் வேண்டும்.

ஈசோல் ஓரளவு சுத்தமானது. அடுத்து நீங்கள் போகப்போகும் கெம்பில், பப்கெம் போன்ற பெரிய களஞ்சியங்கள் அப்படியல்ல. கெம்பிலில் இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட சேர்மங்கள் இருக்கின்றன. ஆயிரக்கணக்கான ஆய்வுக் கட்டுரைகளிலிருந்து திரட்டியவை. ஓர் ஆய்வகம் நானோமோலில் எழுதியிருக்கும், இன்னொன்று மைக்ரோமோலில். ஒரே சேர்மம் மூன்று இடங்களில் மூன்று மதிப்போடு இருக்கும். சில இடங்களில் சரியான எண்ணே இருக்காது, இந்த அளவுக்கு மேல் என்று மட்டும் குறித்திருப்பார்கள். இதையெல்லாம் ஒரே நெடுவரிசையில் கொட்டி மாடலுக்கு ஊட்டினால் அது குழப்பத்தைத்தான் கற்றுக்கொள்ளும்.

இயந்திரத்தனமாகச் சுத்தம் செய்வதும் ஆபத்துதான். ஓர் உதாரணம் சொல்கிறேன். உப்புப் பகுதியை நீக்கிவிட்டு மூலக்கூறை மட்டும் வைத்துக்கொள் என்பது எல்லா வழிகாட்டிகளிலும் வரும் அறிவுரை. ஆன்டிபயாடிக் செயல்பாட்டைப் பற்றிய தரவில் இது பெரும்பாலும் சரி. கரைதிறனில் இதையே செய்தால் என்ன ஆகும்? பென்சாயிக் அமிலம் அறை வெப்பநிலையில் லிட்டருக்கு மூன்று கிராம் சொச்சம்தான் கரையும். அதன் சோடியம் உப்பு, ஊறுகாயிலும் குளிர்பானத்திலும் பதப்படுத்தியாகச் சேர்க்கிறார்களே, அது லிட்டருக்கு 500 கிராமுக்கு மேல் கரையும். சோடியத்தை நீக்கிவிட்டால் இரண்டும் மாடலின் கண்ணில் ஒரே மூலக்கூறு, விடை மட்டும் நூறு மடங்குக்கு மேல் வேறு. இதை எந்த நிரலும் எச்சரிக்காது. வேதியியல் தெரிந்தவர்தான் கண்டுபிடிக்க முடியும். அதனால்தான் கணினி மட்டும் தெரிந்த நண்பர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: துறை தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

செய்ய வேண்டியவை: மதிப்புகளின் பரவலை வரைபடமாகப் போடுங்கள். உச்சியில் இருக்கும் இருபது, அடியில் இருக்கும் இருபது மூலக்கூறுகளைப் படமாக வரைந்து ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஸ்மைல்ஸை ஆர்டிகிட் மூலம் ஒரே சீரான வடிவுக்குக் கொண்டுவந்து, இரட்டைப் பதிவுகளைத் தேடுங்கள். இரட்டைகளின் மதிப்புகள் எவ்வளவு முரண்படுகின்றன என்று கணக்கிட்டு வையுங்கள். ஒரே சேர்மத்தை இரண்டு ஆய்வகங்கள் அளந்தால் கரைதிறனில் அரை லாக் அலகு வித்தியாசம் வருவது சகஜம். அளவீட்டிலேயே அவ்வளவு ஆட்டம் இருக்கும்போது, அதைவிடத் துல்லியமாகக் கணிப்பதாக ஒரு மாடல் சொன்னால் சந்தேகப்பட வேண்டும்.

படி 4: மூலக்கூறை எண்களாக்குங்கள்

இரண்டு வழிகளில் தொடங்கலாம். முதல் வழி, வேதியியலாளர் கேட்கும் பண்புகளைக் கணக்கிடுவது: மூலக்கூறு எடை, எண்ணெய் விருப்பத்தைக் காட்டும் லாக்-பி, சுழலக்கூடிய பிணைப்புகளின் எண்ணிக்கை, பென்சீன் போன்ற வளையங்களில் உள்ள அரோமேட்டிக் அணுக்களின் விகிதம். ஆர்டிகிட்டில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிதான்.

இரண்டாவது வழி, மார்கன் கைரேகை. ஒவ்வோர் அணுவிலிருந்தும் இரண்டு பிணைப்புத் தூரம் வரை சுற்றுப்புறத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்து, அந்தத் துண்டுகள் இருக்கின்றனவா இல்லையா என்பதை 2,048 கட்டங்களில் ஒன்றாகவோ சுழியாகவோ குறிப்பது. எளிமையானது, வேகமானது. இருபது வருடங்களாக இந்தத் துறையைத் தாங்கி நிற்கிறது.

மூலக்கூறை அணுக்களும் பிணைப்புகளுமான வலைப்பின்னலாகவே உள்ளே எடுத்துக்கொள்ளும் நரம்பியல் வலைகள் மூன்றாவது வழி. ஹாலிசின் ஆய்வில் பயன்பட்ட கெம்ப்ராப் அந்த வகை. அதன் நிரலும் திறந்தே இருக்கிறது. ஆனால் முதல் வாரத்தில் அதைத் தொட வேண்டாம்.

படி 5: எளிய மாடலை முதலில் ஓட்டுங்கள்

டெலேனியின் 2004 கட்டுரை நமக்குச் சொல்லித்தரும் பெரிய பாடம் இங்கேதான் வருகிறது. மேலே சொன்ன நான்கு எண்களை வைத்து, பள்ளிக் கணக்கில் வரும் நேர்கோட்டுச் சமன்பாடு ஒன்றைத்தான் அவர் போட்டார். லாக்-பி கூடினால் கரைதிறன் குறையும், எடை கூடினால் குறையும், அரோமேட்டிக் விகிதம் கூடினாலும் குறையும், சுழலும் பிணைப்பு கூடினால் லேசாக ஏறும். அவ்வளவே.

நீங்களும் இதே வரிசையில் செய்து பாருங்கள். எல்லா மூலக்கூறுக்கும் சராசரி மதிப்பையே விடையாகச் சொன்னால் பிழை எவ்வளவு? ஈசோலில் சராசரிப் பிழை சுமார் 2.1 லாக் அலகு வரும். இங்கே நான் சொல்லும் பிழை, வித்தியாசங்களை வர்க்கப்படுத்திச் சராசரி எடுத்து வர்க்கமூலம் காண்பது. அடுத்து நான்கு எண்களோடு நேர்கோட்டு மாடல்: பிழை 1-க்கு அருகில் இறங்கும். அப்புறம் 2,048 கட்டக் கைரேகையோடு ரேண்டம் ஃபாரஸ்ட் (பல முடிவு மரங்களின் விடைகளைச் சராசரி எடுக்கும் மாடல்) ஓட்டுங்கள். அது பெரும்பாலும் 1-க்குச் சற்று மேலேயே நிற்கும்! நான்கு எண்கள் போட்ட நேர்கோட்டை 2,048 எண்கள் வெல்லவில்லை. அதே ரேண்டம் ஃபாரஸ்டுக்கு அந்த நான்கு எண்களைக் கொடுத்தால் 0.7 பக்கம் வந்துவிடும். நன்றாகப் பழக்கிய வலைப்பின்னல் மாடல்கள் 0.6-ஐ ஒட்டிப் போகும்.

இந்த ஏணியை நீங்களே ஏறிப் பார்ப்பது முக்கியம். எவ்வளவு முன்னேற்றம் வேதியியல் அறிவால் வந்தது, எவ்வளவு மாடலின் சிக்கலால் வந்தது என்பது கண்ணெதிரே தெரியும். எந்த ஆய்வுக் கட்டுரையைப் படித்தாலும் இனிமேல் முதலில் எளிய மாடலோடு ஒப்பிட்டார்களா என்று தேடுவீர்கள். ஒப்பிடாத கட்டுரையை நான் நம்புவதில்லை.

படி 6: தேர்வை நேர்மையாக வையுங்கள்

என்னைக் கேட்டால் முழு வேலையும் இந்தப் படியில்தான் நிற்கிறது அல்லது விழுகிறது.

தரவில் 80 சதவீதத்தைப் பயிற்சிக்கு வைத்து, 20 சதவீதத்தை ஒளித்துவைத்துத் தேர்வு வைப்பது வழக்கம். எந்த 20 சதவீதம் என்பதுதான் சங்கதி. குலுக்கிப் போட்டுப் பிரித்தால், ஆம்பிசிலின் பயிற்சியிலும் அமாக்சிசிலின் தேர்விலும் போய் விழலாம். இரண்டுக்கும் வித்தியாசம் ஒரே ஒரு ஹைட்ராக்சில் தொகுதி. டியூஷனில் போட்டுக் காட்டிய கணக்கே எண் மட்டும் மாறிப் பரீட்சையில் வந்த மாதிரி. மதிப்பெண் அள்ளிக்கொண்டு வரும், பாடம் புரிந்ததா என்று தெரியாது. நாளை உங்களுக்குத் தேவை பென்சிலின் குடும்பத்தில் இல்லாத ஒரு புதிய மூலக்கூறு. அதில் மாடல் எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கு இந்த மதிப்பெண் எந்த உத்தரவாதமும் தராது.

ஆகவே சட்டகம் வாரியாகப் பிரியுங்கள். 1996-இல் பெமிஸ், மர்க்கோ இருவரும் சொன்ன முறைப்படி, பக்கக் கிளைகளை வெட்டிவிட்டு வளையங்களையும் அவற்றை இணைக்கும் பாலங்களையும் மட்டும் வைத்தால் கிடைப்பது சட்டகம். ஒரே சட்டகம் கொண்டவை எல்லாம் ஒரே பக்கம், ஒன்று பயிற்சியில் அல்லது தேர்வில். ஆர்டிகிட்டில் இதற்கும் வசதி உண்டு. ஒரு நுணுக்கம்: வளையமே இல்லாத மூலக்கூறுகளுக்குச் சட்டகம் வெறுமையாக வரும். ஈசோலில் அப்படிப்பட்டவை நிறைய. எல்லாம் ஒரே கூட்டமாகிவிடும். அந்த மாதிரித் தரவில் ஒற்றுமையின்படி குழுக்களாகத் திரட்டி, குழு வாரியாகப் பிரிப்பது மேல். அளந்த வருடம் தெரிந்தால், பழையதில் பயிற்சி, புதியதில் தேர்வு என்று வைப்பது எல்லாவற்றிலும் சிறந்தது. நிஜத்தில் ஆய்வு நகர்வதும் அப்படித்தானே.

பிழை ஏறும். ஏறட்டும். அதுதான் உண்மையான எண்.

தேர்வில் வரப்போவது முன்கூட்டியே பயிற்சிக்குள் நுழைந்துவிடும் இந்தக் கசிவு இன்னும் பல வழிகளில் வரும். முழுத் தரவையும் வைத்து எண்களைச் சீரமைத்துவிட்டு அப்புறம் பிரிப்பது, பண்புகளைத் தேர்ந்தெடுக்கும்போது தேர்வுப் பகுதியையும் பார்த்துவிடுவது, இரட்டைப் பதிவு இரண்டு பக்கமும் இருப்பது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் சயாஷ் கபூர், அரவிந்த் நாராயணன் இருவரும் 2023-இல் இதைத் திரட்டிப் பார்த்தபோது, 17 துறைகளில் ஏறத்தாழ 300 ஆய்வுக் கட்டுரைகளை இத்தகைய கசிவு பாதித்திருப்பது தெரிந்தது. அனுபவம் மிக்கவர்களுக்கே நேர்கிறது என்றால் புதியவர்கள் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்!

ஒரு சோதனையை மட்டும் எப்போதும் செய்யுங்கள். விடை நெடுவரிசையைக் கண்டபடி கலைத்துவிட்டு, அதே வழியில் மாடலை மறுபடி பழக்குங்கள். இப்போது அது எதையும் கணிக்கக்கூடாது. கணித்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது, அதைக் கண்டுபிடிக்கும்வரை அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

படி 7: சரியான அளவுகோலால் அளந்து பாருங்கள்

கரைதிறன் போன்ற எண்களுக்குப் பிழை அளவு போதும். ஆம் இல்லை என்ற கேள்விகளில்தான் ஏமாற வாய்ப்பு அதிகம். ஹாலிசின் தரவை எடுத்துக்கொள்ளுங்கள். 2,335-இல் 120 மட்டும் ஆம். எல்லாவற்றுக்கும் இல்லை என்று சொல்லும் ஒரு வெற்று நிரல்கூட 95 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவான துல்லியம் பெறும். ஆன்டிபயாடிக் ஒன்றுகூடக் கிடைக்காது.

உங்கள் படி 1-க்குத் திரும்பிப் போங்கள். முதல் நூறைச் சோதிக்கப் போகிறோம் என்று எழுதியிருந்தால், அளக்க வேண்டியதும் அதுதான்: மாடல் மேலே வைத்த நூறில் எத்தனை உண்மையில் ஆம்? குலுக்கி எடுத்தால் வரும் எண்ணிக்கையைப்போல் அது எத்தனை மடங்கு? மற்ற அளவுகோல்களையும் கட்டுரையில் எழுதுங்கள், ஆனால் முடிவெடுக்க இது போதும்.

படி 8: புதிய மூலக்கூறுகளை வரிசைப்படுத்துங்கள்

மாடல் தயார் என்றால், இதுவரை அளக்கப்படாத சேர்மங்களின் பட்டியல் ஒன்று வேண்டும். ஹாலிசின் குழு முதலில் எடுத்தது பிராட் இன்ஸ்டிட்யூட்டின் மருந்து மறுபயன்பாட்டுத் தொகுப்பு, ஏறத்தாழ 6,100 சேர்மங்கள். ஹாலிசின் வந்தது அதிலிருந்துதான். முன்பு நீரிழிவுக்காக ஆராயப்பட்ட சேர்மம் அது. பிறகு ஜிங்க் என்ற மூலக்கூறுக் களஞ்சியத்தின் 10.7 கோடி மூலக்கூறுகளைக் கணினியில் அலசி, கடைசியில் 23-ஐ மட்டும் வாங்கிச் சோதித்தார்கள். 8 ஏதாவது ஒரு பாக்டீரியாவை எதிர்த்தன.

நம் பக்கத்திலேயே ஒரு நல்ல பட்டியல் இருக்கிறது. சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனம் உருவாக்கிய இம்பாட் என்ற களஞ்சியம். அதன் இரண்டாம் பதிப்பில் 4,010 இந்திய மூலிகைத் தாவரங்களிலிருந்து 17,967 சேர்மங்கள், முப்பரிமாண அமைப்போடு இலவசமாகக் கிடைக்கின்றன. மூலிகைகளில் ஆர்வமுள்ள மாணவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.

ஆனால் வரிசையின் முதல் இருபதை அப்படியே வாங்கப் போகாதீர்கள். நான்கு வடிகட்டிகள் வேண்டும்.

முதலாவது, பயிற்சித் தரவிலிருந்து எவ்வளவு தூரம்? ஒவ்வொரு புதிய மூலக்கூறுக்கும் பயிற்சியில் இருப்பவற்றில் மிக நெருங்கியதைக் கண்டுபிடித்து, கைரேகை ஒற்றுமையைச் சுழி முதல் ஒன்று வரை போகும் டானிமோட்டோ அளவால் பாருங்கள். ஒன்றுக்கு அருகில் என்றால் புதுமை இல்லை. சுழிக்கு அருகில் என்றால் மாடல் இருட்டில் நடக்கிறது. இந்த வேலையின் நிஜமான சங்கடம் இது: புதிய கண்டுபிடிப்பு எங்கே கிடைக்குமோ அங்கேதான் மாடல் பலவீனம். ஹாலிசின் குழு தெரிந்தே பழைய ஆன்டிபயாடிக்குகளிலிருந்து விலகி நிற்பவற்றைத் தேர்ந்தெடுத்தது. அப்படித் தேர்ந்தெடுத்தால் தவறுகளுக்கும் தயாராக இருக்க வேண்டும்.

இரண்டாவது, மாடலுக்கு எவ்வளவு உறுதி? ரேண்டம் ஃபாரஸ்டில் நூற்றுக்கணக்கான மரங்கள் தனித்தனியே விடை சொல்கின்றன. அவை ஒத்துப்போகின்றனவா, சிதறுகின்றனவா என்று பாருங்கள். சிதறுகிறவற்றையும் சிலவாவது சோதனைக்கு அனுப்பலாம். மாடல் அடுத்த சுற்றில் அதிகம் கற்றுக்கொள்வது அவற்றிலிருந்துதான்.

மூன்றாவது, பொய்யாகக் கைதூக்கும் மூலக்கூறுகள். சில சேர்மங்கள் எந்தச் சோதனையில் போட்டாலும் செயல்படுவதுபோல் காட்டும். புரதங்களோடு கண்டபடி வினைபுரிவதாலோ, ஒளிர்வதாலோ, திரண்டுகொள்வதாலோ கருவி ஏமாந்துவிடும். 2010-இல் பேல், ஹாலோவே இருவரும் இவற்றுக்குப் பட்டியல் போட்டார்கள். ஆர்டிகிட்டில் அந்த வடிகட்டி உள்ளேயே இருக்கிறது. அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் பெயர் மஞ்சளில் உள்ள குர்குமின். அதைப் பற்றி ஆயிரக்கணக்கான கட்டுரைகள் உண்டு. 2017-இல் வேதியியலாளர்கள் அவற்றை மறுபரிசீலனை செய்தபோது, அது நிலையற்றது, வினைபுரியும் தன்மை கொண்டது, உடலில் சரியாகச் சேராது என்று எழுதினார்கள். மூலிகைச் சேர்மங்களை அலசும்போது மாடல் குர்குமினையும் அதன் உறவினர்களையும் மேலே கொண்டுவந்தால் கொஞ்சம் நிதானியுங்கள். பட்டியல் வடிகட்டி எல்லாவற்றையும் பிடித்துவிடாது.

நான்காவது, நடைமுறை. வாங்கக் கிடைக்கிறதா, என்ன விலை, எந்தக் கரைப்பானில் கரையும், மனிதச் செல்களுக்கு நஞ்சா. பட்டியலை அச்சிட்டு ஒரு மருந்து வேதியியலாளரோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பாருங்கள். அவர் முகம் சுளிக்கும் மூலக்கூறுகளைக் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 9: ஆய்வகத்துக்குப் போங்கள், அடியில் உள்ளவற்றையும் எடுத்துக்கொண்டு

சோதனைக்கு அனுப்பும் பட்டியலில் மூன்று வகை இருக்கட்டும்: மாடல் மேலே வைத்தவை, கீழே வைத்தவை, குலுக்கி எடுத்தவை. பணம் வீணாகிறது என்று தோன்றும். கீழே உள்ள 63-ஐச் சோதித்திருக்காவிட்டால் 51 என்ற எண்ணுக்கு அர்த்தமே இருந்திருக்காது. சோதனை செய்பவருக்கு எது எந்த வகை என்று தெரியாமல் குறியீடு போட்டுக் கொடுங்கள்.

பாக்டீரியாவோடு வேலை என்றால் உரிய பாதுகாப்பு வசதியுள்ள ஆய்வகத்தில், பயிற்சி பெற்றவரின் மேற்பார்வையில் மட்டுமே. நோய் உண்டாக்காத ஈ.கோலை கே-12 வகையில் தொடங்குவது நல்லது. வீட்டில் வேண்டவே வேண்டாம்.

முடிவு வந்ததும் அதைத் தரவில் சேர்த்து மாடலை மறுபடி பழக்குங்கள். தோற்றவை கட்டாயம் சேர வேண்டும். இரண்டாவது, மூன்றாவது சுற்றில்தான் வேகம் தெரியத் தொடங்கும். ஒரே சுற்றில் அதிசயம் நடக்கும் என்று எதிர்பார்த்து வருகிறவர்கள் இங்கே சோர்ந்துவிடுகிறார்கள், அது வருத்தமாக இருக்கிறது.

வெற்றி என்று தெரிந்தாலும் அவசரப்பட வேண்டாம். 2023 நவம்பரில் பெர்க்லி ஆய்வகம் ஒன்றின் தானியங்கிக் கூடம், 17 நாளில் 58 இலக்குகளில் 41 புதிய பொருட்களைத் தயாரித்ததாக அறிவித்தது. ராபர்ட் பால்கிரேவ், லெஸ்லி ஷூப் முதலான வேதியியலாளர்கள் எக்ஸ்-கதிர்த் தரவை ஒவ்வொன்றாகப் பார்த்து, அவற்றில் புதிய பொருள் என்று நிரூபணமானது எதுவுமில்லை என்று வாதிட்டார்கள். ஹாலிசினும் எலிகளில் பலன் காட்டியது, ஆனால் மருந்துக் கடைக்கு இன்னும் வரவில்லை. கண்டுபிடித்தல் வேகமாகலாம். நஞ்சுச் சோதனை, மனிதச் சோதனை எல்லாம் அதனதன் நேரத்தை எடுத்துக்கொள்ளும்.

படி 10: எழுதி வையுங்கள், திறந்து வையுங்கள்

எந்தத் தேதியில் தரவை இறக்கினீர்கள், எந்தப் பதிப்பு நிரல், எதை ஏன் நீக்கினீர்கள், எப்படிப் பிரித்தீர்கள் என்று முதல் நாளிலிருந்தே ஒரு கோப்பில் எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து உங்களுக்கே அது தேவைப்படும். நிரலையும் தரவையும் வெளியிடும்போது பலன் தராத சேர்மங்களையும் சேர்த்து வெளியிடுங்கள்.

ஹாலிசின் குழு 2,335 சேர்மங்களின் அளவீடுகளையும், தடுக்காத இரண்டாயிரத்துச் சொச்சத்தையும் சேர்த்தே, கட்டுரையின் இணைப்பாக வெளியிட்டிருக்கிறது. ஈசோலில் கை பழகியதும் அடுத்து அதை எடுங்கள். முதலில் குலுக்கிப் பிரித்து ஒரு தடவை, அப்புறம் சட்டகம் வாரியாகப் பிரித்து இன்னொரு தடவை ஓட்டுங்கள். மேலே வரும் நூறில் எத்தனை ஆம் என்று இரண்டிலும் எண்ணி, அந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். இரண்டும் வெகுவாக விலகினால், கெம்ப்ராப் பக்கம் போவதற்கு முன் படி 3-க்கும் படி 6-க்கும் ஒருமுறை திரும்பி வாருங்கள்.